தேசிய மாணவர் படை: படைத் தேவையிலிருந்து குடிமைப் பயிற்சி வரை

பேச்சு வழக்கில் என்.சி.சி. எனப்படும் தேசிய மாணவர் படை, இந்தியப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குச் சீருடைப் பயிற்சி தரும் அமைப்பு. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கினாலும், இதில் சேர்பவர் படைவீரர் ஆவதில்லை. அதன் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த இரட்டைத் தன்மையே திறவுகோல். போர் நெருங்கியபோது அது படையின் துணைக்கரமாகக் கருதப்பட்டது. போர் விலகியதும் குடிமைப் பயிற்சிக் களமாகத் திரும்பியது.

முன்னோடிகள்

முதல் உலகப் போர்க்காலத்தில் ஏற்பட்ட ஆள் பற்றாக்குறையை ஈடுகட்ட, ஆங்கிலேய அரசு 1917-இல் பல்கலைக்கழகப் படையை உருவாக்கியது. 1920-இல் அதன் இடத்தில் பல்கலைக்கழகப் பயிற்சிப் படை (யு.டி.சி.) வந்தது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942-இல், அது பல்கலைக்கழக அதிகாரிகள் பயிற்சிப் படை (யு.ஓ.டி.சி.) ஆயிற்று. மூன்றும் கல்லூரி மாணவர்களை நம்பியவை. படைக்குத் தேவையான ஆள்களைத் தயார்செய்வதே அவற்றின் நோக்கம்.

குன்ஸ்ரு குழுவும் 1948 சட்டமும்

1946-இல் பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் அமைந்த குழு, பள்ளிகளையும் கல்லூரிகளையும் தழுவிய நாடளாவிய மாணவர் படை வேண்டும் என்று 1947-இல் பரிந்துரைத்தது. அதன்படி இயற்றப்பட்ட தேசிய மாணவர் படைச் சட்டம் 1948 ஏப்ரல் 16 அன்று ஒப்புதல் பெற்றது. ஜூலையில் படை உருவானது. பின்னாளில் தரைப்படைத் தளபதியான ஜி.ஜி. பேவூர் அதன் முதல் இயக்குநர். கல்லூரி மாணவர்க்கு மூத்தோர் பிரிவும் பள்ளி மாணவர்க்கு இளையோர் பிரிவும் ஏற்பட்டன. 1949-இல் மாணவியர் பிரிவும், 1950-இல் வான்படைப் பிரிவும், 1952-இல் கடற்படைப் பிரிவும் சேர்ந்தன. கொடியிலுள்ள சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் ஆகிய நிறங்கள் முப்படைகளைக் குறிக்கின்றன.

உறுப்பினராக இருப்பதாலேயே எவரும் போர்ப்பணிக்குக் கடமைப்பட்டவர் ஆகார் என்று அச்சட்டம் வகுத்தது. காலனிய முன்னோடிகளிலிருந்து புதிய படையைப் பிரித்த கோடு இதுவே. ஐம்பதுகளில் பிரதமர் நேருவின் விருப்பப்படி சமூகப்பணியும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது.

கட்டாயமும் தளர்வும்

1962-இல் சீனாவுடன் நடந்த போர் அந்தப் பிரிகோட்டை மங்கச் செய்தது. 1963-இல் கல்லூரி மாணவர்களுக்கு இப்பயிற்சி கட்டாயமானது. பாகிஸ்தானுடன் நடந்த 1965, 1971 போர்களில் மாணவர் படையினர் பாதுகாப்பின் இரண்டாம் வரிசையாகக் கருதப்பட்டனர். ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு உதவுவது, போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது, மீட்புப்பணி செய்வது போன்ற வேலைகளில் ஈடுபட்டனர். இதனிடையே 1968-இல் கட்டாயம் நீங்கியது. அடுத்த ஆண்டே சமூகப்பணிக்கென நாட்டு நலப்பணித் திட்டம் தனியே தொடங்கப்பட்டது. 1971-க்குப் பிறகு திருத்தப்பட்ட பாடத்திட்டம், இரண்டாம் வரிசை என்ற எண்ணத்தைப் பின்னுக்குத் தள்ளித் தலைமைப் பண்பை முன்னிறுத்தியது.

மொழிச் சிக்கல்

‘சாவ்தான்’ (நேராக நில்), ‘விஷ்ராம்’ (இயல்பாக நில்) என அணிவகுப்பு ஆணைச்சொற்கள் இந்தியில் அமைந்திருந்தன. மொழிப் போராட்டத்தின் சூடு தணியாத அன்றைய சென்னை மாநிலத்தில் அது அரசியல் கேள்வியாயிற்று. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1968 ஜனவரி 23 அன்று சட்டப்பேரவை நிறைவேற்றிய மொழித் தீர்மானம், மும்மொழித் திட்டத்தை நிராகரித்ததோடு, மாணவர் படையில் இந்தி ஆணைச்சொற்களைக் கைவிடவேண்டும் என்றும் கோரியது. ஒருமைப்பாட்டை வளர்க்க வந்த அமைப்பால், அந்த ஒருமை எந்த மொழியில் பேசவேண்டும் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை.

பள்ளியில் நடைமுறை

இளையோர் பிரிவில் ஓர் அணிக்கு 100 மாணவர் வரை இருப்பர். அதை நடத்துபவர் அதே பள்ளியின் ஆசிரியர். மாணவர் வாயில் அவர் ‘என்.சி.சி. சார்’. ஆண் ஆசிரியர்கள் நாகபுரிக்கு அருகிலுள்ள காம்ப்டியிலும், பெண் ஆசிரியர்கள் குவாலியரிலும் பயிற்சி பெற்று இப்பொறுப்பை ஏற்கின்றனர். பரேடு, துப்பாக்கி பயன்படுத்தும் முறை, வரைபடம் படித்தல், முதலுதவி ஆகியவற்றோடு குடிமை உணர்வும் ஆளுமை வளர்ச்சியும் பாடங்களாக உள்ளன. தலைமைப் பயிற்சி பெரும்பாலும் செயல்வழியே நடக்கிறது: லான்ஸ் கார்ப்பரல், கார்ப்பரல், சார்ஜென்ட் எனப் பதவி உயரும் மாணவர், தம் வயதொத்தவர்களை வழிநடத்தவும் அவர்களுடைய தவறுகளுக்குப் பொறுப்பேற்கவும் பழகுகிறார்.

இரண்டாண்டுப் பயிற்சியும் முகாமும் முடித்துத் தேர்வில் வென்றால் ‘ஏ’ சான்றிதழ் கிடைக்கும். கல்லூரியில் ‘பி’, ‘சி’ சான்றிதழ்கள் தொடர்கின்றன. ‘சி’ சான்றிதழில் உரிய தரம் பெற்றோர், எழுத்துத் தேர்வு இன்றி நேர்முகத் தேர்வு வழியாகத் தரைப்படை அதிகாரிப் பயிற்சிக்கு முயலலாம். சென்னைப் பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்துக்கான வழிகளில் இதுவும் ஒன்று. ஆயினும் இது உரிமை, கடமையன்று.

அண்மை விரிவாக்கம்

2020 ஆகஸ்ட் 15 அன்று, 173 எல்லை, கடலோர மாவட்டங்களில் ஒரு லட்சம் பேரைப் புதிதாகச் சேர்க்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாணவியர். தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் ஆகியவை ஒரே இயக்ககத்தின் கீழ் உள்ளன. ‘ஒற்றுமையும் ஒழுக்கமும்’ என்பதே படையின் குறிக்கோள். எண்ணிக்கையும் பாடத்திட்டமும் பலமுறை மாறியபோதும், சீருடை அணிந்த மாணவர் போர்ப்பணிக்குக் கடமைப்பட்டவர் அல்லர் என்ற 1948-ஆம் ஆண்டு விதி மாறாமல் நிற்கிறது.