“கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கோ?”

1983 கலவரத்தின் பின் ரொறன்ரோ வந்து சேர்ந்த எம்மவர்களில் கணக்காளர் இருந்தார்கள், ஆசிரியர் இருந்தார்கள். விளம்பரம் பார்த்து விண்ணப்பம் போட்டவர்களுக்குக் கிடைத்தது மேலே உள்ள கேள்விதான். வேலை தந்தால்தானே அனுபவம் வரும்! எத்தனை பட்டதாரிகள் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள் என்று நாங்கள் சொல்லித்தான் தெரியவேணும் என்றில்லை.

இது வெறும் புலம்பல் அல்ல. ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் ஒறியோபொலஸ், இல்லாத ஆட்களின் பெயரில் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை ரொறன்ரோ வட்டார வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். ஆய்வு 2011இல் வெளிவந்தது. படிப்பும் அனுபவமும் கனடாவில் பெற்றவையாக இருந்தும், ஆங்கிலப் பெயருக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 16 அழைப்பு. இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களுக்கு 11தான். இரண்டுமே வெளிநாட்டில் பெற்றவை என்றால் 6 அளவில் நின்றுவிட்டது.

அதிலே எங்களுக்குப் பயனுள்ள ஒரு விஷயமும் உண்டு. கனடாவில் பார்த்த வேலை ஒன்றைச் சேர்த்ததும் அழைப்புக் கூடியது. கூடுதல் படிப்பு அவ்வளவு கைகொடுக்கவில்லை. ஆகவே ஊர் உத்தியோகத்தை மறைக்க வேண்டாம். இங்கே பார்த்த வேலையை, அது சிறு வேலை என்றாலும், அதற்கு மேலே எழுதுங்கோ. பெயரைச் சுருக்கினவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இந்தக் கேள்வி பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இல் சொன்னது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் அதை விளம்பரத்தில் கேட்கக்கூடாது. சின்ன நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் இல்லை.