நுளம்பில் வாழும் பற்றீரியாவும் அதன் பகுப்பும்

புத்தளம் மாவட்டக் கரையோரம், இலங்கையில் யானைக்கால் நோய் நிலவிய பகுதிகளுள் ஒன்றாகும். அந்நோய்ப் புழுவைப் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்பு பற்றீரியாப் பகுப்பின் வரலாற்றிலும் இடம்பெறுவதை நாம் ஈண்டு நோக்குவோம்.

1924 இல் ஹேர்ட்டிக், வொல்பாக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் கியூலெக்ஸ் நுளம்பின் இனப்பெருக்க உறுப்புக்களில் ஒரு நுண்ணுயிரைக் கண்டனர். 1936 இல் ஹேர்ட்டிக் அதற்கு வொல்பாக்கியா எனப் பெயரிட்டார். உயிர்க்கலத்துக்கு வெளியே அது வளராமையால், தோற்றமும் வாழிடமுமே பகுப்புக்குச் சான்றாயின. மரபணு ஒப்பீடு வந்தபின், 1990களில், யானைக்காற் புழுவினுள்ளும் வொல்பாக்கியா வாழ்வது தெளிவாயிற்று. எனினும் இவை ஒரே கிளையின அல்ல. நுளம்பினது ‘பி’ பிரிவு, புழுவினது ‘டி’ பிரிவு. எனவே சிலாபத்து வடிகாலிற் பிறந்து புழுவைச் சுமந்த நுளம்பு, இரு கிளைப் பற்றீரியாக்களை ஒருங்கே சுமந்தது எனலாம்.

இவ்வேறுபாடு வெறும் பெயரளவினதன்று. தன் பற்றீரியாவை இழந்த புழு மலடாகும். தன்னதை இழந்த நுளம்போ உயிர்வாழும். இதனாலேயே புழுவின் பற்றீரியா மருந்துக்கு இலக்காயிற்று. இலங்கை, 2002 முதல் 2006 வரை புழுவையே தாக்கும் மருந்துகளை மக்களுக்குப் பரவலாக வழங்கியது. 2016 இல் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்ததை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது.

பிரிவுகளைத் தனி இனங்களாகக் கொள்ளலாமா என்பது இன்னும் விவாதத்துக்குரியது. ஓருடலில் உறைவன யாவும் ஒரு குலத்தன அல்ல என்பதே நாம் பெறும் முடிபாகும்.