சவரக்கத்தி: பழையதை மீட்டுத் தீட்டுதல்

பிடிக்குள் மடியும் ஒற்றை அலகுக் கத்தி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் செய்தவை பேர்பெற்றவை. எச்.ஐ.வி. அச்சம் பரவியபின் சலூன்களில் மாற்று பிளேட்டு நிலைத்தது; பழைய கத்திகள் அலுமாரிக்குள் போயின.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், மயிலிட்டி போன்ற மீன்பிடி ஊர்களில், கார்பன் உருக்குக்கு முதல் எதிரி உப்புக்காற்று. செலுலாய்டு பிடி சிதையும்போது விடும் ஆவியும் அலகை அரிக்கும். மேல்துருவை நுண்ணிய உப்புத்தாளில் எண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுக்கலாம். வெட்டுவாயிலேயே ஆழமாகக் குழி விழுந்திருந்தால் அந்தக் கத்தியை விட்டுவிடுவதே மேல். சுழலும் சாணையில் பிடிக்கவே கூடாது; சூட்டில் அலகு நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும்.

தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். கோணத்தை முதுகின் தடிப்பே தீர்மானிக்கிறது. பெரும்பாலும் 16 பாகை அளவில் இருக்கும். முதுகைத் தூக்கிப் பிடிப்பதுதான் புதியவரின் வழக்கமான பிழை. வாய் முன்செல்லத் தள்ளி, முதுகின்மேல் புரட்டி, திரும்ப இழுக்க வேண்டும். 1000 எண் கல்லில் வாய் பிறக்கும். 4000, 8000, 12000 எண் கற்கள் அதை மெருகேற்றும். முதற்கல்லில் அவசரப்பட்டால் பின்வரும் கற்கள் அதைத் திருத்தா. கடைசிக் கல்லில் கத்தியின் பாரமே போதும். பின்னர் தோல்வாரில் முதுகு முன்செல்ல இழுப்பர். வாயை முன்விட்டால் தோலும் வெட்டுப்படும், கூரும் மழுங்கும்.

சவரம் முடிந்ததும் ஈரம் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி பூசி வைக்கவும்; தேங்காய் எண்ணெய் நாளடைவில் காறிப் பிசுபிசுக்கும். இரத்தவழித் தொற்று அபாயம் இருப்பதால் ஒருவரின் கத்தியை மற்றவர் பயன்படுத்தலாகாது.