பாசெட்கிச் சிலை: பாக்தாதில் பறிபோனதும் மீண்டதும்

வட ஈராக்கில் பாசெட்கி என்னும் சிற்றூருக்கு அருகே சாலை அமைத்தபோது மண்ணிலிருந்து வெளிப்பட்டு, அவ்வூரின் பெயராலேயே அறியப்படும் செப்புச் சிலை, கி.மு. 23ஆம் நூற்றாண்டில் அக்காத் பேரரசை ஆண்ட நராம்-சின் காலத்தது. வட்டப் பீடத்தின் மேல், இடுப்பில் கச்சை மட்டும் அணிந்து, கால்களை மடக்கி அமர்ந்திருக்கும் ஆணுருவின் கீழ்ப்பாதியே இன்று எஞ்சியுள்ளது. அதுவே ஏறத்தாழ 150 கிலோ எடை கொண்டது. மெழுகில் உருவம் சமைத்து, அதன் மேல் மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகக் குழம்பை ஊற்றும் மெழுகு வார்ப்பு முறையில் இது செய்யப்பட்டது. வெண்கலத்தைப் போல எளிதில் ஓடி அச்சை நிரப்பாத, பெரிதும் கலப்பற்ற செம்பைக் கொண்டு இத்தனை பெரிய உருவத்தை வார்த்து, தொடையின் திரட்சியையும் கால்விரல்களின் வடிவையும் பிசகின்றிக் கொணர்ந்த அக்காதியக் கம்மியரின் தேர்ச்சி எந்நாளும் போற்றத்தக்கது.

ஈரக் களிமண்ணில் எழுத்தாணியை அழுத்தி எழுதுவதிலிருந்து வளர்ந்த ஆப்பு வடிவ எழுத்தில், அக்காதிய மொழியில், பீடத்தின் மேல் பொறிக்கப்பட்டுள்ள வாசகமே இச்சிலையின் தலையாய வரலாற்றுச் செல்வம். நாற்றிசையும் கிளர்ந்தெழுந்தபோது ஒரே ஆண்டில் ஒன்பது போர்களில் வென்ற நராம்-சினை, தங்கள் நகரின் தெய்வமாக்கித் தருமாறு அக்காத் மக்கள் பெருந்தெய்வங்களிடம் வேண்டி, அவனுக்குக் கோயிலும் எழுப்பினர் என்று அது கூறுகிறது. மெசொப்பொத்தாமியாவில் உயிரோடிருக்கும்போதே தெய்வமாக்கப்பட்டதாக அறியப்படும் முதல் அரசன் இவனே. அவ்வாசகத்தை அகற்றுபவன் அடியோடு அழிந்து, வழித்தோன்றலும் அற்றுப்போகட்டும் என்ற சாபத்தோடு அது முடிகிறது.

2003 ஏப்ரலில் அமெரிக்கப் படைகள் பாக்தாதுக்குள் நுழைந்தபோது, ஈராக் தேசிய அருங்காட்சியக ஊழியர்கள் காட்சிப் பேழைகளிலிருந்த 8,000-க்கும் மேற்பட்ட பொருள்களை முன்னதாகவே மறைவிடத்துக்கு மாற்றியிருந்தனர். எளிதில் அசைக்க முடியாதவை மட்டும் கூடங்களிலேயே விடப்பட்டன. சுற்றிலும் சண்டை மூண்டு ஊழியர்கள் வெளியேறிய பின், ஏப்ரல் 10 முதல் 12 வரை அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. நகரைக் கைப்பற்றிய படையின் காவல் ஏப்ரல் 16 அன்றுதான் அங்கு வந்தது; தன் கைக்குள் வந்த நகரின் கருவூலத்தைக் காக்கும் பொறுப்பு அப்படைக்கு இருந்தது என்பதால், இத்தாமதத்தை எக்காரணம் கூறியும் நியாயப்படுத்த இயலாது. திருடர்கள் பாசெட்கிச் சிலையைத் தூக்க மாட்டாமல் இழுத்துச் சென்ற வழியில் படிக்கட்டுகள் சிதைந்திருந்தன.

பொருள்களைத் திருப்பித் தருவோர் மீது நடவடிக்கை இல்லை என்ற அறிவிப்பும், அமெரிக்க அதிகாரி மேத்யூ பொக்டானோஸ் தலைமையிலான குழுவின் தேடலும் படிப்படியாகப் பலன் தந்தன. செப்டம்பரில் உருக் நகரின் பளிங்கு முகச்சிற்பம் மண்ணுக்கடியிலிருந்து மீண்டது. நவம்பரில், பாக்தாதில் ஒரு கழிவுநீர்த் தொட்டிக்குள், மசகு பூசி அமிழ்த்தப்பட்டிருந்த பாசெட்கிச் சிலை கண்டெடுக்கப்பட்டது. ஈரத்தில் செம்பு அரிக்கப்படாதிருக்க மசகு பூசியவர்கள், அதன் விலைமதிப்பை நன்கறிந்தே கவர்ந்தவர்கள் என்று கருதுவதே பொருந்தும். நூல்களிலும் படங்களிலும் உலகறிந்த சிலையை வெளிப்படையாக விற்க முடியாது. அந்தப் புகழும் கடத்துவதற்கு அரிய அதன் எடையும் மீட்புக்குத் துணைநின்றன.

இந்தத் துணை சிறிய பொருள்களுக்கு வாய்க்கவில்லை. களிமண் மேல் உருட்டி உரிமையாளரின் அடையாளத்தைப் பதிக்கப் பயன்பட்ட, விரல் நீளமே உள்ள உருளை முத்திரைகள் ஏறத்தாழ 5,000 நிலவறையிலிருந்து களவாடப்பட்டன. சட்டைப்பையில் அடங்கும் அவை கைமாறி எல்லை கடப்பது எளிது; அருங்காட்சியகம் 2015 பிப்ரவரியில் பொதுமக்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டபோதும் அவற்றுள் பெரும்பகுதி திரும்பியிருக்கவில்லை.