இடியன் துவக்கு: எடுக்க முன் பார்க்க வேண்டியவை

கடந்த மாரியில் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து தம்பி முறையான ஒருவன் தொலைபேசியில் கேட்டான்: "அண்ணை, கச்சான் முழுக்கப் பண்டி கிண்டிப்போட்டுது. இடியன் ஒண்டு எடுப்பமெண்டு பாக்கிறன். எப்பிடிப் பாத்து எடுக்கிறது?"

மீள்குடியேறிய பின் கடன்பட்டுச் செய்த ஒரு ஏக்கர். மூன்று இரவில் பாதி போய்விட்டது. "வேண்டாம்" என்று ஒரு சொல்லில் முடிக்க எனக்கு வாய் வரவில்லை. என் பெரியப்பாவும் அனுமதிப்பத்திரம் உள்ள ஓர் இடியனோடுதான் அந்த மண்ணில் காவல் கிடந்தவர். பரணில் அவருக்குப் பக்கத்தில் இருந்து கண்டதையும், பின்னர் படித்து அறிந்ததையும் அவனுக்குச் சொன்னேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

வாய்ப்பக்கத்தால் மருந்து போட்டுக் கோலால் இடித்து இறுக்குவதால்தான் அதற்கு இடியன் என்று பெயர். முதலில் வெடிமருந்து, அதன்மேல் தும்பு, பிறகு சன்னம் அல்லது ஈயக் குண்டு. குழலின் அடியில் ஒரு சிறு துளை. அதன்மேல் செப்புக் கேப்பு. விசையை இழுத்தால் குதிரை விழுந்து கேப்பை அடிக்கும். அந்தப் பொறி துளைவழியே மருந்துக்குப் போகும். ஒரு முறைக்கு ஒரு வெடிதான். மீண்டும் இடித்து முடிக்க அரை நிமிடமாவது வேண்டும். காயப்பட்ட பன்றி அதுவரை காத்து நிற்காது.

குழலில் இரண்டு வகை உண்டு. ஒன்று உள்ளே வழுவழுப்பானது. மற்றது உள்ளே சுருளாகத் தவாளிப்பு வெட்டியது, அதுதான் றைபிள். தவாளிப்பு குண்டைச் சுழல விடுவதால் அது நேராகப் போகும். 1857 சிப்பாய்க் கிளர்ச்சியோடு பேசப்படும் என்பீல்ட் துவக்கு இப்படி வாயால் இடிக்கும் றைபிள்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் மான் வேட்டைக்கு இன்றும் இவை விற்பனையாகின்றன. அரை அங்குலக் குழல் அங்கு மிகப் பரவலானது. 48 முதல் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் துணியில் பொதிந்த உருண்டைக் குண்டுக்கும், 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் நீளக் குண்டுக்கும் பொருந்தும்.

வன்னியில் நான் கண்டவை எல்லாம் வழுவழுப்பான குழல்கள். சன்னம் போட்டால் 30, 40 மீற்றருக்கு அப்பால் நம்ப முடியாது. றைபிள் கிடைத்தாலும் தோட்டக் காவலுக்கு அதை நான் சொல்லமாட்டேன். தவறிய குண்டு நெடுந்தூரம் போகும். எங்கள் தோட்டங்களுக்கு அடுத்த வேலி பெரும்பாலும் யாருடையதோ வீடு.

எதை எடுத்தாலும் பார்க்க வேண்டியவை சில. குழலில் துரு தின்ற குழி, வெடிப்பு, வீக்கம் இருந்தால் விட்டுவிட வேண்டும். தண்ணீர்க் குழாயில் செய்த குழல் சும்மா தந்தாலும் வேண்டாம். குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தினால், விசையை அழுத்தினாலும் அது விழக்கூடாது. உள்ளே ஏற்கனவே மருந்து இருக்கிறதா என்று கோலை விட்டு ஆழம் பார்க்க வேண்டும். இருப்பது தெரியாமல் மறுபடி இடித்துத்தான் பல குழல்கள் பிளந்தன. கேப்பு வெடித்தும் மருந்து பிடிக்காவிட்டால், குழலை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும்.

இன்னொன்று எங்கள் மண்ணுக்கே உரியது. இடியனுக்குக் கரிமருந்து மட்டுமே. போர் விட்டுச்சென்ற ரவைகளில் இருப்பது புகையற்ற மருந்து. அதைக் கொட்டி இடித்தால் குழல் முகத்துக்கு முன்னால் பிளக்கும். காணியில் கிடக்கும் ரவையையோ செல்லையோ தொடாமல் அறிவிப்பதே வழி.

அடுத்தது சட்டம். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கு குற்றம். ஊர்க் கொல்லன் செய்ததும் அதில் அடங்கும். பயிர்க் காவலுக்கு வேண்டுமென்றால் மாவட்டச் செயலகம் ஊடாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தாலும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மானும் மரையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். கையில் பத்திரம் இருந்தாலும் அவற்றைச் சுட முடியாது. பத்திரமில்லாத துவக்கு எங்கள் வீடுகளில் பிடிபட்டால் கேள்வி பன்றியோடு நிற்காது என்பதை நான் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "அப்ப கட்டுத்துவக்கு ஒண்டு கட்டிவிட்டா நித்திரையாவது கொள்ளலாம்."

அங்கேதான் நான் கொஞ்சம் சத்தமாகக் கதைத்தேன். கட்டுத்துவக்கும் இடியனும் பொறியில் ஒன்றுதான். ஆனால் இடியனுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். வருவது பன்றியா மனிசரா என்று பார்க்கிறார். கட்டுத்துவக்கு கயிற்றில் முட்டுவது எதுவோ அதைச் சுடும். பன்றியின் உயரத்துக்குக் கட்டினால் அது மனிசரின் காலுயரம், பிள்ளைக்கு வயிற்றுயரம். எங்கள் அயலில் விறகுக்குப் போன ஒருவர் முழங்காலுக்குக் கீழ் இழந்தது அப்படித்தான். செல்லுக்கும் மிதிவெடிக்கும் தப்பிக் கொண்டுவந்த கால் அது. கட்டியவரும் அதே ஒழுங்கைக்காரர்தான். இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் கதை இல்லை.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவும் வெடிச் சத்தம் கேட்டா விடியுமட்டும் படுக்கமாட்டா" என்றான்.

இப்போது அவன் விண்ணப்பம் கொடுத்திருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை அவனும் அயல் காணிக்காரர் மூவரும் முறைவைத்துப் பரணில் கிடக்கிறார்கள். தகரம், ரோர்ச், தீவறை. எல்லாப் பன்றியும் அதற்குப் பயப்படுவதில்லை. ஆனாலும் இம்முறை முக்கால்வாசிக் கச்சான் பிடுங்கியிருக்கிறான்.