மருந்தை அறிந்த கல்வி முதியவரை அறிந்தது எப்போது?

இந்தியாவில் மருந்தாளுநர் கல்வி, நோயாளியைவிட மருந்தின் தரத்தை முன்னிட்டே பிறந்தது. சந்தையில் மலிந்திருந்த தரமற்ற மருந்துகளைப் பற்றி ஆராய 1930இல் சோப்ரா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1932இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் தொடங்கிய படிப்புக்கு வேதியியலே அடித்தளம். 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் கல்வித் தகுதியையும் பதிவையும் ஒழுங்குபடுத்தியது.

2008இல் ஆறாண்டுப் பார்ம்.டி. படிப்பு வந்தபோதுதான் நோயாளியின் படுக்கையருகு பாடத்தின் மையமாயிற்று. முதியோருக்கான மருந்து நெறிகளும் அதில் இடம்பெற்றன.

இந்த மாற்றத்தின் தேவை வெளிப்படை. முதுமையில் சிறுநீரகத்தின் திறன் குறைவதால் பல மருந்துகள் உடலில் நெடுநேரம் தங்குகின்றன. மூட்டுவலிக்கு ஒருவர் எழுதிய மாத்திரை, மற்றொருவர் மருந்து கொடுத்துக் குறைத்த இரத்த அழுத்தத்தை மீண்டும் ஏற்றக்கூடும். இரு சீட்டுகளும் சந்திக்கும் இடம் பெரும்பாலும் மருந்துக் கடையே.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபது வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் மேல். கடையில் அவர்களை எதிர்கொள்பவரோ பல இடங்களில் ஈராண்டுப் பட்டயம் பெற்றவர். முதியவரைப் பற்றிய அறிவு அவருடைய பாடத்திலும் ஆழமாக இறங்கினாலன்றி 1932இல் தொடங்கிய பணி நிறைவுறாது.