பகை நரம்பு எது? வேனிற்காதையில் ஒரு மறுவாசிப்பு

இணை, கிளை, பகை, நட்பு என்னும் நான்கையும் வாதி, சம்வாதி, அனுவாதி, விவாதி என்னும் நான்கோடு நேர்நேராக நிறுத்துவது நம் இசையாய்வில் வழக்கமாகிவிட்டது. எண்ணிக்கை ஒத்துப்போவதைத் தவிர இதற்கு வலுவான சான்று எதையும் நான் காணவில்லை. நின்ற நரம்புக்கு இரண்டாவது இணை, ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை என்பது சிலப்பதிகார உரைமரபு. நாட்டிய சாத்திரமோ அடுத்தடுத்து நிற்கும் ரிஷப காந்தாரங்களையும் தைவத நிஷாதங்களையும் விவாதி என்கிறது. அங்கே பகையாகும் அண்டை சுரம் இங்கே இணை. பட்டியல்களை ஒட்டவைத்துவிட்டு, ஒட்டாத இடத்தில் உரையாசிரியர் பிழைபட்டார் என்பது முறையாகாது.

இந்நான்கில் மேலைநாட்டு ஹார்மனியின் விதையைக் காண்போரும் உண்டு. மூன்றாம் நரம்பைச் சேர்த்து மீட்டினால் இனிக்கும். இரண்டாவதைச் சேர்த்தால் உரசும். உரை சொல்வது இதற்குத் தலைகீழ். இந்நான்கையும் சொல்லும் அடியில் வரும் 'புணர்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கோர்டு கட்ட முடியாது.

சிலப்பதிகார வேனிற்காதையில் இந்தச் சொற்கள் வரும் இடத்தில் மாதவி என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பதை இரு சாராருமே போதிய அளவு கவனிக்கவில்லை. பதினான்கு நரம்புக் கோவையை உழை முதலாகக் கைக்கிளை இறுதியாகக் கட்டுகிறாள். பின் இந்நான்கையும் நோக்குகிறாள். உடனே குரலிலும் இளியிலும் கேட்டுப் பார்க்கிறாள். அதாவது, சுருதி கூட்டுகிறாள். யாழுக்கு வீணைபோல் மெட்டு கிடையாது. நரம்புக்கு ஒரு சுரம்தான். கூட்டல் பிசகினால் பிறகு விரலால் சரிக்கட்ட வழியில்லை.

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழையும் கூட்டுவது எந்த வரிசையில்? தாரத்தில் உழை, உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை என்று ஐந்தைந்தாக எண்ணிப் பிறப்பிப்பது உரைமரபு காட்டும் முறை. இவ்வரிசையில் குரலில் நின்று இரு புறமும் அடியளந்து பார்த்தேன். இளியும் உழையும் ஓரடித் தொலைவு: கிளை, நட்பு. துத்தமும் தாரமும் ஈரடி: துத்தம் இணை, தாரம், பின்னோக்கி எண்ணினால், அதே இரண்டாவது. விளரி மூன்றடி, கைக்கிளை நான்கடி: இரண்டும் பகை. ஆக, நான்கு பெயர்களும் பிறப்பு வரிசையின் தொலைவைக் குறிக்கின்றன என்பதே என் துணிபு.

பகை என்ற கடுஞ்சொல்லுக்கும் இங்கே காரணம் கிடைக்கிறது. நான்கு இளியடி ஏறிப் பெறும் மூன்றாவதன் விகிதம் 81/64. காது தானே விரும்பும் மூன்றாவது 5/4. ஆறாவதிலும் 27/16, 5/3 என்று இரண்டு. இரண்டு இடத்திலும் வேறுபாடு 81/80தான், ஏறத்தாழ 21.5 செண்ட். பாலை மாறி இவை குறைந்த மூன்றாவது, ஆறாவதாக ஆனாலும் அதே வேறுபாடு. தம்பூரின் மந்தரத் தந்தியை மீட்டிக் காதைக் கிட்டே வைத்தால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் மெல்ல மேலெழும். அந்தச் சுயம்பு காந்தாரம் 5/4. குரலைக் கேட்டு நேரே கைக்கிளையைக் கூட்டுபவரை அது தன் பக்கம் இழுத்துவிடும். விளரியோடு அந்தக் கைக்கிளை சேராது. மூன்றையும் ஆறையும் நம்பிக் கூட்டாதே என்பதற்குப் பகை என்பதைவிடச் சுருக்கமான சொல் எது?

உரையாசிரியர் நூலுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர் என்ற தடையை ஏற்கிறேன். ஆனால் ஆய்ச்சியர் குரவை நூலுக்குள்ளேயே இருக்கிறது. ஏழு பெண்கள் ஏழு நரம்பாக வட்டம் கூடுகிறார்கள். மாதரி குரலை மாயவன் என்கிறாள், இளியை அவன் தமையன் என்கிறாள், துத்தத்தை நப்பின்னை என்கிறாள். ஐந்தாவது உடன்பிறந்தான், அது கிளை. இரண்டாவது துணைவி, அது இணை. குரலின் இரு பக்கமும் துத்தமும் தாரமும், இளியின் இரு பக்கமும் உழையும் விளரியும் நிற்கின்றன. இந்த உறவுமுறைப் பொருத்தம் தற்செயலாக இருக்கலாம்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்படியானால் குரலைப் பிறப்பித்த உழையை நட்பு என்பதா என்று கேட்கலாம். உவமையை அவ்வளவு தூரம் நான் இழுக்கவில்லை.

இருபத்திரண்டு மாத்திரைக் கணக்கை வைத்து மறுப்போருக்கு ஒன்று: அது இடைவெளிகளை அளப்பது, கூட்டும் வழியைச் சொல்வதன்று. உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கைக்கிளையிலிருந்து ஐந்து எண்ணினால் தாரம் வரும், வட்டம் மூடும். எண்ணிக்கையில் அது கிளை, காதில் அல்ல. அந்த ஓர் இடைவெளி மற்ற ஆறுக்கும் ஒவ்வாது. ஆனால் ஏழு நரம்பைக் கூட்ட ஆறு அடி போதும். ஏழாவது அடியை மாதவி வைக்கவேண்டிய தேவையே இல்லை; உழை முதலாகக் கட்டிய கோவையில் கைக்கிளை கடைசியில் நிற்கிறது.